இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓர் ஏணி

1

இந்தக் கதை ஒரு சர்க்கரைத் துணுக்கிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாம் சாப்பிடும் சாப்பாடு உடம்புக்குள் எப்படிச் சக்தியாக மாறுகிறது என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் செருப்பைத் தேடும்வரை நிறுத்தமாட்டேன். கட்டுரை வறண்டுவிடக் கூடாதே என்று குளுக்கோஸையே கதாநாயகனாக்கினேன். இப்படி:

"வாயென்னும் வாசலில் நுழைந்த குளுக்கோஸ் குமாரன், ரத்த ஆற்றில் படகேறி, செல் என்னும் மாளிகையின் கதவைத் தட்டினான். அங்கே அவனை இரண்டாகப் பிளப்பதற்கு—"

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அக்கா தையல்காரி. நான் எதைப் படித்தாலும் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். கதை நன்றாக இருந்தால் மட்டும் அவள் கால் தானாக நிற்கும். அன்று நிற்கவேயில்லை.

"இவனைப் பிளந்தா எனக்கென்னடா?" என்றாள்.

"அதுலேர்ந்துதான் சக்தி வருது அக்கா."

"வரட்டும். யாருக்கு வரணும்? வராம யாரு தவிக்கிறா? அதைச் சொல்லு. சக்கரையைப் பிடிச்சு குமாரன்னு பேரு வச்சா நான் அழுதுடுவேனா?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. செல்லுக்குள் நடக்கும் வேலை சத்தமே போடாது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் உங்களுக்குள் கோடி கோடியாக நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றாவது உங்களிடம் வந்து கூலி கேட்டதா? நன்றாக ஓடும் யந்திரத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு திருகு கழன்றால்தான் எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரே ஒரு திருகு கழன்ற உடம்பு எனக்கு வேண்டியிருந்தது. நோய் நிஜமாகவே இருக்கிறது, அபூர்வமானது. அந்த நோயுள்ள பெண்ணை மட்டும் நான் செய்துகொண்டேன்.

2

அவளுக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அதிகாலைச் சூரியனின் பொற்கதிர்கள் கட்டுமானத் தளத்தின் மீது—" (வேண்டாம். சூரியன் எல்லார் கதையிலும் கூலி இல்லாமல் உழைத்துக் களைத்திருக்கிறது.)

"அவள் பிறந்தபோதே மருத்துவச்சி கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால்—" (பிறப்பிலிருந்து தொடங்கினால் ஏணிக்கு வந்து சேர வயதாகிவிடும்.)

மூன்றாவது நின்றது. அது இது:

தளத்தில் எல்லாரும் அவளைப் பாதி என்று கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தைப் பாதியில் விட்டவள் என்று வந்த பெயர். மாடிப்படியைப் பாதியில் விட்டாள், பேருந்தைத் துரத்துவதைப் பாதியில் விட்டாள். கூடப் படித்த ஒருவன் இதே தளத்தில் கம்பி கட்டும் வேலைக்கு வந்து சேர, பெயரும் அவனோடு உள்ளே வந்துவிட்டது.

ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோபுரக் கிரேன். உச்சியில் கண்ணாடிக் கூண்டு. அதில் ஒருவர் உட்கார்ந்து நெம்புகோல்களை அசைத்தால் கீழே டன் கணக்கில் பாரம் எழும், திரும்பும், இறங்கும். அவருக்குக் கீழே நடப்பது பாதி நேரம் தெரியாது. தரையில் வாக்கிடாக்கியோடு ஒருவர் நின்று அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கண்தான் பாதி.

"கொஞ்சம் எறக்குங்கண்ணே. இன்னும் கொஞ்சம். நில்லுங்க. காத்து அடிக்குது, ஆட்டம் நிக்கட்டும்... இப்ப வைங்க."

மேலே இருந்தவரை அவள் மேலண்ணன் என்றாள். அவர் வேறு வேலைக்குப் போவதாக இருந்தார். பாதி கிரேன் ஓட்டும் பயிற்சியை, கூண்டு மாதிரியே செய்து திரை வைத்த பயிற்சி யந்திரத்தில் தரையிலேயே முடித்திருந்தாள். தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கி வைத்தாலும் சிந்தாத கை என்று பெயர் வாங்கியிருந்தாள். மேலண்ணன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்: "என் சீட்டுக்கு ஆள் தேடாதீங்க. கீழ நிக்கிறா பாருங்க."

குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. கூண்டுக்குப் போக லிஃப்ட் கிடையாது. கோபுரத்தின் உள்ளே ஏணி. அதற்கு மேல் ஒரு சின்னத் தட்டு. மறுபடி ஏணி, மறுபடி தட்டு, உச்சிவரை.

முதல் முறை அவள் வீம்புக்கு வேகமாக ஏறினாள். இரண்டாவது ஏணியிலேயே விரல்கள் மடங்கிக் கம்பியோடு பூட்டிக்கொண்டன. தொடை கல்லானது. கயிறு கட்டி இறக்கினார்கள். மறுநாள் காலையில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சூப்பர்வைசர் சொன்னது: "தானா ஏறி, தானா எறங்கத் தெரியாதவங்களை நான் மேல உக்கார வைக்க மாட்டேன்மா. மேல உனக்கு ஏதாவதுன்னா யாரு போய்த் தூக்கிட்டு வர்றது?"

3

(இது கட்டுரைப் பகுதி. தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் சக்கரம் சுழலும் இடம் இங்கேதான் வருகிறது. பிறகு வருத்தப்படக் கூடாது.)

டாக்டர் அவள் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார். இன்னும் சில சோதனைகள் செய்தார். கடைசியில் சொன்னார்: "உங்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லம்மா. சாவி இல்லை."

என்ன சாவி?

சாப்பிட்ட மாவுப்பொருள் குடலில் உடைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. தசை அதை வாங்கி, உடனே தேவையில்லாததை ஒன்றோடொன்று கோத்து, கிளை கிளையாகச் சேமித்து வைக்கிறது. இதற்குப் பெயர் கிளைக்கோஜன். ஒவ்வொரு தசையும் தனக்கென்று வைத்திருக்கும் களஞ்சியம். நீங்கள் திடீரென்று எழுந்து ஓடினால், தசை முதலில் கையை விடுவது இதற்குள்தான். கோத்ததை மணி மணியாக உருவி எடுக்க ஒரு நொதி வேண்டும். பாதியின் தசைகளில் அந்த ஒரு நொதி இல்லை. களஞ்சியம் நிரம்பி வழிகிறது, கதவு திறக்கவில்லை. சோற்று மூட்டை மேல் படுத்துக்கொண்டு பட்டினி.

உருவிய சர்க்கரைக்கு அடுத்து என்ன ஆகிறது? (எனக்குக் கை பரபரக்கிறது.) செல் அதை இரண்டாக உடைக்கிறது. அதில் சொற்பமாகத்தான் சக்தி கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்கும். உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னப் பட்டறைகளுக்குள் போகின்றன. அங்கே துண்டுகளிலுள்ள கரியெல்லாம் கழன்று நம் மூச்சில் வெளியே போய்விடும். மிஞ்சிய எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் புரோட்டான்கள் ஒரு சவ்வின் அந்தப் பக்கம் தள்ளப்படும். தூக்கி வைத்த பாரம் மாதிரி அவை அங்கே நெருக்கிக்கொண்டு நிற்கும். திரும்பி வர ஒரே வழி, ஒரு சக்கரத்தின் வழியாக. அவை விழ, சக்கரம் சுழல, ஏடிபி என்ற நாணயம் அச்சாகிறது. உயிருள்ள உடம்புக்குள், நிஜமாகவே, ஒரு சக்கரம்! நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்.*

* நம் எடைக்கு ஏறக்குறைய சமமான ஏடிபியை நாம் ஒவ்வொரு நாளும் அச்சிட்டுச் செலவழிக்கிறோம். கையிருப்போ ஒரு கைப்பிடிக்கு மேல் போகாது. தசை கடுமையாக உழைத்தால் அதன் இருப்பு சில நொடிகளில் காலி. அச்சகம் நின்றால் தசை விறைத்துப்போகும். பாதியின் விரல்கள் கம்பியில் பூட்டிக்கொண்டது இதனால்தான்.

அக்காவிடம் இதைப் படித்தேன். சக்கரத்தைச் சொன்ன இடத்தில் மெஷின் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"நூல் அறுந்துடுச்சு," என்றாள். "அப்புறம்? அவ ஏறினாளா இல்லையா?"

4

இனிமேல்தான் நல்ல சேதி. இதைத் தெரிந்துகொண்டபோது நான் தெருவில் இறங்கி இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

சக்கரத்துக்கு யார் வீட்டு விறகு என்பதைப் பற்றிக் கவலை இல்லை. களஞ்சியம் பூட்டியிருந்தால் இருக்கட்டும். வெளியிலிருந்து வந்தாலும் எரியும். ஈரலிலும் ஒரு கிளைக்கோஜன் கிடங்கு இருக்கிறது. அதற்குச் சாவி வேறு. பாதியிடம் அது பத்திரமாக இருக்கிறது. உடம்பில் கொழுப்பும் இருக்கிறது. ஆனால் இந்தச் சரக்கெல்லாம் ரத்தத்தில் வந்து சேர வேண்டும். குழாய்கள் விரிய வேண்டும், இதயம் வேகமெடுக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும்.

அந்தப் பத்து நிமிடம்தான் பாதியின் வாழ்க்கையைப் பாதியாக்கியது. அதுவரை அவள் மெல்ல நடக்க வேண்டும். வலித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் தசை நொறுங்கும். பொறுமையாகக் கடந்துவிட்டால், யாரோ பின்னாலிருந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி கால்கள் லேசாகிவிடும்.

பாதி இதை முதன்முதலில் உணர்ந்தது ஒரு கடைத்தெருவில். டாக்டர் சொன்னபடி, கடைகளை வேடிக்கை பார்ப்பவள் போல மெல்ல நடந்தாள். செருப்புக் கடை, பாத்திரக் கடை. கால் சிமெண்டாக இறுகியது. வேகத்தைக் குறைத்தாள். பூட்டுக் கடை, கண்ணாடிக் கடை. கண்ணாடிக் கடையைத் தாண்டியதும் வலி எங்கோ இறங்கிப் போய்விட்டது. அவள் நடந்தாள். தெரு முடிந்தது. இன்னொரு தெரு. அங்கே நின்றுகொண்டு மேலண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நான் தெருவை முடிச்சிட்டேன்."

"எந்தத் தெருவை?"

"முழுத் தெருவை."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "நல்லதும்மா, அடுத்ததையும் முடிச்சிரு," என்றார்.

அதன்பின் அவள் பழகினாள். ஏறுவதற்குச் சற்று முன் இனிப்பாக ஏதாவது குடித்தால் முதல் நிமிடங்கள் எளிதாகின்றன. நடக்கும்போதே கைகளையும் வீசிக்கொள்ள வேண்டும். கம்பியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் ரத்தம் உள்ளே வராது. விரலைக் கொக்கி மாதிரி மாட்டி மாட்டி எடுக்க வேண்டும். டாக்டரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்: "மெதுவா. வலிச்சா அதுக்கு மேல இல்லை."

இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருந்தால் குழாய்கள் விரியாது; சூடேறிய பிறகு உட்கார்ந்தாலும் மறுபடி சுருங்கும். கதவு மூடிக்கொள்ளும்.

கடைசியில் சொன்னதை நினைவில் வையுங்கள். ஆபத்து அங்கிருந்துதான் வரப்போகிறது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சூப்பர்வைசரை என்ன செய்வது?

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். "பொம்பளைக்கு எதுக்கு கிரேன் என்று மீசையை முறுக்கியபடி அவர்—" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வில்லன் இல்லாம உனக்கு எழுத வராதா? தானா எறங்கணும்னு சொன்னது தப்பா? எனக்கு ஒரு தங்கச்சி இருந்து மேல ஏறினா நானும் அதைத்தான் கேப்பேன்."

அடித்துவிட்டேன். இப்போது அவருக்கு மீசையே இல்லை. கயிறு கட்டி அவளை இறக்கிய அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை என்று மாற்றிவிட்டேன். டாக்டர் சம்மதித்ததைப் பாதி சொன்னபோது, "சரி. ஒரு நாள் தானா ஏறி ஓட்டிட்டு, சாயங்காலம் தானா எறங்கிக் காட்டு. சீட்டு உனக்கு," என்கிறார். அவள் மூச்சு விடாமல் விளக்கிய சர்க்கரைக் கதையில் அவர் மனசில் தங்கியது ஒரே ஒரு விஷயம்: இந்தப் பெண்ணுக்குச் சக்தி குறைவு, வீணாக்கக் கூடாது.

அன்பில் ஒரு தொல்லை உண்டு. அது காதைப் பொத்திக்கொண்டு உதவி செய்யும்.

6

அந்த நாள். வாசலிலிருந்து கோபுரத்துக்கு அரை மைல் நீளத் தளம். அதை மெல்ல நடந்து கடந்தால் சரியாகச் சூடேறிவிடும் என்பது பாதியின் கணக்கு. வாசலில் சூப்பர்வைசரின் ஜீப் நின்றது.

"ஏறும்மா. நடந்து களைச்சுப் போகாதே."

"இல்ல சார், நான் நடந்தே—"

"ஏறுன்னா ஏறு."

ஜீப் கண்மூடித் திறப்பதற்குள் கோபுரத்தடியில் கொண்டுபோய் விட்டது. அங்கே அவருடைய ஆபீஸ் நாற்காலி. தளத்திலேயே மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். உச்சிக்கு முதன்முறை ஏறப்போகிறவரை அதில் உட்காரவைப்பது அந்தத் தளத்து வழக்கம். உட்கார்ந்து பலத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அதன்பின் எல்லாரும் சுற்றி நிற்க, சூப்பர்வைசர் பாதுகாப்பு விதிகளைச் சொல்வார். அவர் விதி சொன்னால் கான்கிரீட்டே இறுகிவிடும் என்பது தளத்து நகைச்சுவை.

"உக்காரு."

பாதி நாற்காலியைப் பார்த்தாள். அத்தனை அக்கறையோடு மெத்தையைத் தட்டிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். எழுந்து ஏறினால் இரண்டாவது ஏணியில் விரல் பூட்டிக்கொள்ளும். மறுபடி கயிறு. அதோடு அந்தக் கூண்டை வாழ்நாள் முழுக்கக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

"சார், நீங்க சொல்லுங்க. நான் நடந்துகிட்டே கேக்குறேன்."

நாற்காலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். கைகளை வீசினாள்.

"என்னம்மா இது? உக்காரு."

"உக்காந்தா கதவு தெறக்காது சார்."

"எந்தக் கதவு?"

"நீங்க விதியைச் சொல்லுங்க சார். முதல் விதி பெல்ட்டு."

"முதல் விதி பெல்ட்டு," என்று அவர் வாய் தானாகத் தொடர்ந்தது. கண் அவள் பின்னாலேயே சுற்றியது. "எப்பவும்... இந்தப் பக்கம் வாம்மா... எப்பவும் கொக்கி மாட்டாம... எனக்குத் தலை சுத்துது."

"செக்கு மாடு கணக்கா சுத்துதுடா பாதி," என்றான் அந்தக் கம்பி கட்டுகிறவன்.

"மாடு சுத்தினாத்தான் எண்ணெய் வரும்," என்றாள், நிற்காமல்.

பையிலிருந்து இனிப்புத் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டே நடந்தாள். தொடை இறுக ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தாள், ஏறக்குறைய ஊர்ந்தாள். அவர்கள் சிரித்தார்கள். அவளுக்குள்ளே, யார் சிரித்தாலும் அழுதாலும் கவலைப்படாத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஈரல் தன் கிடங்கைத் திறந்தது. கொழுப்பு கரைந்து கிளம்பியது. மயிரிழையை விட மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சரக்கு வந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் கடைசி விதிக்கு வரும்போது, அவளுக்குக் கண்ணாடிக் கடையைத் தாண்டியது போல இருந்தது.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

அவள் நடையை நிறுத்தாமலே ஏணிக்குள் போனாள்.

7

இப்போது முடிவு. இந்த மாதிரிக் கதைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வித்தை செய்வார்கள். பாத்திரத்தை நடு ஏணியில் தொங்கவிட்டு, "ஏறினாளா, இறங்கினாளா, நீங்களே தீர்மானியுங்கள்" என்று பேனாவை மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

[முடிவு அ: அவள் நடுத்தட்டில் நின்றாள். கீழே உலகம் சிறியதாக—]

[முடிவு ஆ: காற்று வீசியது. ஏணி முடிவற்று—]

இரண்டையும் அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்தப் பெண்ணை எல்லாரும் பாதியில் விட்டிருக்கிறார்கள். கதை எழுதுகிறவனும் விட்டால் அதைவிடத் துரோகம் இல்லை. சங்கதி இதுதான்: முழு ஏணியையும் எழுதிவிட்டுத்தான் நான் எழுந்திருக்கப் போகிறேன்.

முதல் ஏணி. விரல் கொக்கி, மாட்டு, எடு. இரண்டாவது ஏணி, அன்று பூட்டிக்கொண்ட அதே கம்பி. விரல் அதைத் தொட்டுவிட்டு மேலே போனது. நடுத்தட்டில் புஜம் சுருக்கென்றது. நின்றாள். ஆனால் சும்மா நிற்கவில்லை. அந்தச் சின்னத் தட்டில் இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து, கைகளை உதறிக்கொண்டிருந்தாள். கீழிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்?

"மேல ஆடுறாடா பாதி," என்றான் அவன்.

"பேசாதே," என்றார் சூப்பர்வைசர். அவருடைய இரண்டு கைகளும் காற்றில் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வலி வடிந்தது. அடுத்த ஏணி. அடுத்த தட்டு, அங்கேயும் ஓர் ஆட்டம். அடுத்த ஏணி. அவளை யாரும் வேகமானவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கம்பியும் அவளுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. போன கம்பி திரும்பி வரவில்லை. கூண்டின் கதவு திறந்து மேலண்ணன் தலையை நீட்டினார்.

"என்னம்மா, வழியில தெருவெல்லாம் முடிச்சிட்டியா?"

"முழுத் தெருவையும்ணே."

அவர் ஒதுங்கினார். "சீட்டு சூடா இருக்கு. உக்காரு. கீழ யாரோ உக்காரச் சொன்னதுக்கு முடியாதுன்னியாமே."

"அது அவரோட சீட்டுண்ணே," என்றாள். "இது என்னோடது."

உட்கார்ந்தாள்.

(இறங்கினாளா? இறங்கினாள், மாலையில், முதலில் கூண்டு வாசலிலேயே ஆடிச் சூடேறிவிட்டு, அதே மாதிரி ஆடி ஆடி. இடையில் கம்பி கட்டுகிறவன் கீழே நாற்காலியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, ஏதோ நடக்கிறதென்று இரண்டு பேரிடம் சொன்னானாம்.)

இதைப் படித்தபோது அக்காவின் மெஷின் நின்றிருந்தது. நூல் அறவில்லை, நான் பார்த்தேன்.

உங்களுக்காக இரண்டே இரண்டை எழுதாமல் வைத்திருக்கிறேன். அவள் கூண்டில் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல் கரகரத்தது. "மேல யாரு?" பாதி தன் பெயரைச் சொன்னாள். கூப்பிடும் பெயரை அல்ல, அவளுடைய பெயரை. பிறகு அவர், "முதல் பாரம் மாட்டியாச்சு. தூக்கு," என்றார். கொக்கியில் என்ன மாட்டியிருந்தார்? அந்த மெத்தை நாற்காலியைத்தான் என்கிறாள் அக்கா. ஒரு கட்டு இரும்புக் கம்பிதான் என்கிறேன் நான். நாங்கள் இரண்டு பேரும் இதற்காகப் பேசாமல் இருக்கிறோம்.

அவள் பெயரையும் பாரத்தையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். இவ்வளவு தூரம் படித்ததில் நீங்களும் நன்றாகச் சூடேறியிருப்பீர்கள். உள்ளே சக்கரங்கள் சுழல்கின்றன. காற்றின் ஆட்டம் நின்றுவிட்டது. கீழே எல்லாரும் விலகி நிற்கிறார்கள்.

தூக்குங்கள்.